வங்கியில் ஓராண்டு அப்ரண்டிஸ்: பாஸ்புக் அடிப்பதோடு முடிந்துவிடுமா?

பி.காம் முடித்து ரிசல்ட்டும் வந்துவிட்ட ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: பொதுத்துறை வங்கியின் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன், சிறு ஊர் ஒன்றில் கிளை கிடைத்திருக்கிறது. என்ன வேலை தருவார்கள்? பிறகு நிரந்தரமாக்குவார்களா? பாஸ்புக் அடிப்பதிலும் ஜெராக்ஸ் எடுப்பதிலும் வருடம் ஓடிவிடும் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பாதி உண்மை. சிறிய கிளைகளில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. மேனேஜர், ஒன்றிரண்டு ஆபீசர், இரண்டு மூன்று கிளார்க் என்று ஓடும் இடத்தில் கூடுதலாக ஒரு ஆள் வந்தால், முதல் நாளே பாஸ்புக் பிரின்டர் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வரிசை நீள்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்களாக நகராவிட்டால் பன்னிரண்டாவது மாதமும் அதே நாற்காலிதான். அங்கிருந்து கடன் மேசைக்கு எப்படிப் போவது என்பதுதான் இந்த வருடத்தின் சூட்சுமம். அதற்கு முன் காகித விஷயங்கள் சில.

நிரந்தரம் ஆகாது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ன்படி நீங்கள் பயிற்சியாளர், ஊழியர் இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தர வங்கிக்குக் கட்டாயம் கிடையாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பி.எஃப், இ.எஸ்.ஐ பிடித்தமும் இல்லை. ஸ்டேட் வங்கி, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஜூனியர் அசோசியேட் (கிளார்க்) தேர்வில் 2.5 சதவீதம் கூடுதல் மதிப்பெண்ணும் வயதுத் தளர்வும் அறிவித்திருக்கிறது. அதுவும் தேர்வு எழுதித்தான். எனவே 'உள்ளே போய்விட்டால் எப்படியாவது வைத்துக்கொள்வார்கள்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று: இந்தச் சட்டத்தின் கீழ் ஒருமுறை பயிற்சி முடித்தவரை இன்னொரு வங்கியின் அப்ரண்டிஸ் அறிவிப்பு ஏற்பதில்லை. ஒரே வாய்ப்பு என்று நினைத்துச் சேருங்கள்.

பணம். வங்கிக்கு வங்கி மாறும். இந்தியன் வங்கியின் 2024 அறிவிப்பில் கிராம, சிறு நகரக் கிளைகளுக்கு மாதம் 12,000 ரூபாய், நகர, பெருநகரக் கிளைகளுக்கு 15,000. இதில் 4,500 ரூபாய் மத்திய அரசின் பங்கு. வங்கி மொத்தத்தையும் ஒரே நாளில் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வங்கியின் பங்கு மாத முடிவில் வந்துவிடும். அரசின் பங்கோ, கிளை உங்கள் வருகையை நாட்ஸ் என்னும் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டப் போர்ட்டலில் ஏற்றி, அது சரிபார்க்கப்பட்டு, உங்கள் ஆதார் இணைந்த கணக்குக்கு நேரடியாக வர வேண்டும். தொடக்கத்தில் இது தாமதமாவது சகஜம். ஆகவே வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் வங்கிப் பங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 12,000-ல் அது 7,500. வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்க இது இழுபறிதான். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கிளை கிடைத்தால் இந்தப் பயிற்சியின் மதிப்பே வேறு.

சேருவதற்கு முன் அந்த நாட்ஸ் போர்ட்டலில் உங்கள் பெயர் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, உதவித்தொகை, விடுப்பு நாட்கள் ஆகியவற்றைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்துக்குக் கடைசியில் சான்றிதழ் வராது. பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தமிழ் ஒரு பாடமாக இருந்தால் உள்ளூர் மொழித் தேர்வு தேவையில்லை. அந்தப் பட்டியலின் அசலைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இனி கிளைக்குள். முதல் இரண்டு மாதம் கவுன்ட்டர் பக்கம்தான். பாஸ்புக் அடிப்பது, சலான் எழுதித் தருவது, கணக்குத் திறக்கும் படிவம் சரிபார்ப்பது, கேஒய்சி (அடையாளம், முகவரிக்கான ஆதாரம்) காகிதம் வாங்குவது. சலிப்பாக இருக்கும். ஆனால் கிளைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பதைக் கவனித்தால் சலிப்பு போய்விடும்.

உதாரணத்துக்கு, நம் ஊரின் இனிஷியல் தொல்லை. ஆதாரில் 'முருகன் கே', பான் அட்டையில் 'கண்ணன் முருகன்', பள்ளிச் சான்றிதழில் 'கே. முருகன்'. மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பான் சரிபார்ப்பு தோற்கும், வருமான வரிப் பிடித்தம் வேறு விகிதத்தில் போகும், வெளியிலிருந்து வரும் தொகை சில நேரம் திரும்பும். படிவம் வாங்கும்போதே மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் அப்படியே. ஆதாரில் வருடம் மட்டும் சரியாக இருந்து நாளும் மாதமும் ஜனவரி 1 என்று கிடக்கும் பெரியவர்கள் ஏராளம்.

அடுத்தது, "பணம் ஏறிடுச்சான்னு பாருங்க" என்று வரும் அம்மாக்கள். மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி, காஸ் மானியம். கணக்கில் ஆதார் எண் இருக்கிறது, ஆனால் பணம் வரவில்லை. பல புது ஆட்கள் இங்கேதான் "ஆதார் இணைச்சாச்சு, வரும் போங்க" என்று தவறாகச் சொல்லி அனுப்புகிறார்கள். கேஒய்சிக்காக ஆதார் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் வர வேண்டிய கணக்கு இதுதான் என்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் குறிப்பது வேறு ஒன்று. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம் அந்தப் பட்டியலில் கடைசியாகக் குறிக்கப்பட்ட வங்கிக்குப் போகும். போன மாதம் யாரோ சொன்னார்கள் என்று வேறு வங்கியில் கணக்குத் திறந்து, படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார். பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். "இந்த வங்கியில இருக்கும்மா, அங்க ஒரு தடவை பாருங்க. இங்கயே வரணும்னா இந்தப் படிவம் எழுதிக் கொடுங்க" என்று சொல்லத் தெரிந்த அப்ரண்டிஸைக் கிளையில் யாரும் ஜெராக்ஸ் எடுக்க அனுப்ப மாட்டார்கள்.

இரண்டு வருடம் வாடிக்கையாளர் தானாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். வங்கி போடும் வட்டி இதில் சேராது. பத்து வருடம் கடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் நிதிக்குப் போய்விடும். உரியவர் வந்து கேட்டால் திருப்பிக் கிடைக்கும். கணக்கைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. கேஒய்சி புதுப்பிப்பு, வாடிக்கையாளரை வங்கி வைத்திருக்கும் ஆபத்து வகையைப் பொறுத்து 2, 8, 10 வருடத்துக்கு ஒருமுறை. நாமினி விஷயத்தில், 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை போடலாம். இவை எல்லாம் நேர்காணலில் கேட்கப்படும் விஷயங்கள். புத்தகத்தில் படித்தால் மறக்கும்; கவுன்ட்டரில் ஒருவருக்கு விளக்கிச் சொன்னால் மறக்காது.

கேஷ் கவுன்ட்டரை அப்ரண்டிஸிடம் தரக் கூடாது, பெரும்பாலும் தரவும் மாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாம். காலையில் பெட்டகம் இரண்டு சாவியால் திறக்கும். இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். 100 தாள் ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டல். ஆக 500 ரூபாய்ப் பண்டல் ஒன்று 5 லட்சம். சலானில் பின்பக்கம் எழுதும் டினாமினேஷன் (எந்த நோட்டு எத்தனை என்ற விவரம்) எதற்கு என்று பலருக்குத் தெரியாது. மாலையில் கேஷ் டேலி ஆகாதபோது எந்த வாடிக்கையாளரிடம் 500-க்குப் பதில் 200 கட்டு வாங்கினோம் என்று தேட அதுதான் தடயம். பணம் குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அதிகமாக இருந்தால் தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், பையில் போட முடியாது. எனவே கேஷியர் எண்ணிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். இது மரியாதைக்காகச் சொல்வது மட்டும் இல்லை.

கள்ள நோட்டு வந்தால் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். அதை வாடிக்கையாளரிடம் திருப்பித் தரக் கூடாது. முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, அவருக்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள் வரை என்றால் மாத முடிவில் காவல் நிலையத்துக்கு மொத்த அறிக்கை. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடனே புகார், எஃப்ஐஆர். பல வாடிக்கையாளர்கள் "திருப்பிக் குடுங்க, வாங்கின இடத்துல மாத்திக்கிறேன்" என்று சண்டைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் கிளார்க் எப்படிப் பேசுகிறார் என்பதே ஒரு பாடம்.

இப்போது, செய்யக் கூடாதவை. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

உங்களுக்கு யூசர் ஐடி தந்தாலும் அது பார்ப்பதற்கு மட்டுமானதாக இருக்கும். கூட்டம் அதிகமான ஒரு நாளில் யாராவது தன் ஐடியில் லாக்இன் செய்துவிட்டு "இதை மட்டும் என்டர் பண்ணும்மா" என்பார். வங்கியில் பொதுவாக ஒரு பரிவர்த்தனையை ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் பாஸ் பண்ண வேண்டும். யார் பதிந்தார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு என்பது எல்லாம் பதிவாகும். தவறு நடந்தால் ஐடிக்கு உரியவர் மேல் துறை நடவடிக்கை வரும். உட்கார்ந்திருந்தது நீங்கள் என்று கேமராவில் தெரிந்தால் உங்களையும் இழுப்பார்கள். துறை விதிகள் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் காவல் துறைக்கு அந்தத் தடை இல்லை. "எனக்குப் பயமா இருக்கு சார், நீங்க பண்ணுங்க, நான் காகிதத்தை எடுத்துத் தர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மற்றவர் பயோமெட்ரிக், ஓடிபி விஷயத்திலும் இதே பதில்தான்.

வாடிக்கையாளர் பணம் உங்கள் கை வழியாகவோ உங்கள் ஜிபே வழியாகவோ போகக் கூடாது. "இந்த ஆயிரத்த வெச்சுக்கோம்மா, என் பையனுக்கு அனுப்பி விடு" என்று கேட்பவர் நல்லவராகவே இருப்பார். இருந்தாலும் கூடாது. எழுதத் தெரியாதவருக்குப் பணம் எடுக்கும் படிவத்தில் எண்களை நிரப்பித் தரலாம். கைரேகைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. வாடிக்கையாளரின் ஆதார், பான் படத்தை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வாங்கி அங்கிருந்து பிரின்ட் எடுக்கும் பழக்கம் பல கிளைகளில் உண்டு. உங்கள் போனில் அதைத் தொடங்காதீர்கள். திரையைப் படம் எடுப்பதும் அப்படியே. கல்லூரி நண்பர்கள் யாராவது கணக்குத் திறந்து ஏடிஎம் அட்டையோடு இன்னொருவருக்குக் கொடுத்தால் கமிஷன் என்று கேட்டு வந்தால், அது சைபர் மோசடிப் பணம் கைமாறும் வழி என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இன்ஷூரன்ஸ் டார்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு ஆகிய இரண்டு பிரதமர் திட்டங்களிலும் இழப்பீடு 2 லட்சம். நல்ல திட்டங்கள். ஆனால் மற்ற படிவங்களோடு சேர்த்து, சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டால் மே மாதக் கடைசியில் பிரீமியம் பிடிக்கப்பட்டதும் கவுன்ட்டரில் கூச்சல்தான். விளக்கிச் சொல்லி வாங்கினால், குடும்பத்தில் ஒருவர் இறந்த பிறகு கிளெய்ம் கேட்கவும் தெரியும். சொல்லாமல் வாங்கிய காப்பீடு இருப்பதே வீட்டாருக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது மாதம் நகைக் கடன் மேசைக்குப் போகப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமக் கிளைகளின் உயிர் இதுதான். கடன் என்றால் என்ன என்று ஒரே நாளில் முழுதாகக் காட்டும் வேலையும் இதுதான். விண்ணப்பம், மதிப்பீடு, ஆவணம், பணம் வழங்கல், பாதுகாப்பு, புதுப்பித்தல், திருப்புதல், கட்டாவிட்டால் ஏலம். வீட்டுக் கடனில் இருபது வருடம் ஓடும் கதை இங்கே ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

அப்ரைசர், அதாவது நகை மதிப்பீட்டாளர், வாடிக்கையாளர் கண் முன்னால் எடை போட வேண்டும். முதலில் மொத்த எடை. பிறகு கல், உள்ளே அடைத்த அரக்கு, மணி, கயிறு எல்லாவற்றையும் கழித்து நிகர எடை. உரைகல்லில் தேய்த்து ஆசிட் விட்டு மாற்று, அதாவது தங்கத்தின் தரம், பார்ப்பார். கனமான ஆனால் விரலால் தட்டினால் ஓசை மாறும் வளையல், தேய்மானமே இல்லாத புத்தம்புது நகைகளை ஒரே ஆள் அடிக்கடி கொண்டுவருவது, கொக்கி மட்டும் நல்ல தங்கமாக இருப்பது ஆகியவை எல்லாம் அவர் முகம் சுருங்கும் இடங்கள். ஏன் என்று கடன் முடிந்து வாடிக்கையாளர் போன பிறகு கேளுங்கள், சொல்லித்தருவார்.

தொகை எப்படி வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் 2025 நெறிமுறைப்படி, சொந்தச் செலவுக்கான நகைக் கடனில் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. விலையாக எடுப்பது முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி இரண்டில் குறைவானதை. கணக்கு எளிதாக இருக்கக் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். மொத்த எடை 24.600 கிராம், கல்லும் அரக்கும் 0.600; நிகரம் 24 கிராம், அதாவது மூன்று பவுன். மதிப்பு 2,40,000. அதில் 85 சதவீதம் 2,04,000. வாடிக்கையாளர் அந்தத் தொகையை எதிர்பார்த்து நிற்பார். ஆனால் வருட முடிவில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடன் என்றால், முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையே 2,04,000-க்குள் அடங்க வேண்டும். 9 சதவீத வட்டி என்றால் 2,04,000-ஐ 1.09 ஆல் வகுக்க வேண்டும். கையில் கிடைப்பது ஏறத்தாழ 1,87,000. "பக்கத்துத் தனியார்ல கூடத் தர்றாங்களே" என்ற வாதம் இங்கேதான் கிளம்பும். விலை நிர்ணயம், வட்டி கட்டும் முறை, வட்டி விகிதம் மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தால் போதும்.

நகைப் பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பெட்டகத்துக்கு நடக்காதீர்கள், இரண்டே அடி தூரமானாலும். பையில் கடன் எண், எடை, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரிபார்க்கப்பட்டு, சாவிதாரர்கள் இருவர் கையால் உள்ளே போக வேண்டும். திருப்பும்போது வாடிக்கையாளர் முன்னால் பையைப் பிரித்து, அவர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே கடன் முடிந்ததாக அர்த்தம். கடன் தீர்ந்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பியாக வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால், ஆபீசர்கள் ஏன் அந்தப் பதிவேட்டை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்று புரியும்.

கடன் மேசைக்கு எப்படிப் போவது? 'வேற வேலை கொடுங்க சார்' என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும், அதோடு முடியும். குறிப்பாகக் கேளுங்கள். "சார், மதியம் மூணு மணிக்கு மேல கவுன்ட்டர் காலியா இருக்கு. பயிர்க் கடன் ரினியூவல் ஃபைல்களுக்கு செக்லிஸ்ட் நான் போட்டுத் தரட்டுமா?" இப்படிக் கேட்டால் மறுக்கும் ஆபீசர் அபூர்வம், ஏனென்றால் அந்த ஃபைல்கள் அவர் தலைக்கு மேல் குவிந்திருக்கும். கடன் ஃபைலில் விண்ணப்பம், கேஒய்சி, சிபில் அறிக்கை (பழைய கடன்களின் வரலாறு), பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்துரை, அனுமதிக் கடிதம், கையெழுத்தான ஆவணங்கள் என்று வரிசை உண்டு. ஒவ்வொன்றையும் எடுத்து, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அடங்கல் இல்லாவிட்டால் என்ன பயிர் என்று தெரியாது. பயிர் தெரியாவிட்டால் ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று கணக்கிட முடியாது. வில்லங்கச் சான்று கடன் கொடுத்த தேதிக்கு முந்தைய மாதத்தோடு நின்றுவிட்டால், அந்த இடைவெளியில் நிலம் கைமாறியிருக்கலாம்.

வட்டிக் கணக்கும் இங்கேயே பிடிபடும். விவசாயக் கடன் அட்டையில் 3 லட்சம் வரை குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை கிடைத்து 4 ஆகிவிடும். கெடு தவறினால் அந்தச் சலுகை போய்விடும் என்பதைச் சொல்லாததால்தான், ஒரு வாரம் தாமதமாக வந்த விவசாயி "போன வருஷம் இவ்வளவு வரலையே" என்று நிற்பார். 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரியிலிருந்து நடைமுறை. முத்ரா (சிறு தொழில் கடன்), கல்விக் கடன், மகளிர் குழுக் கடன் மூன்றிலும் ஒவ்வொரு ஃபைல் பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. குழுக் கடனில் மட்டும், ஃபைலைவிடக் குழுவின் தீர்மானப் புத்தகம் சுவாரசியமானது. கூட்டம் உண்மையில் நடந்ததா, ஒரே நாளில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கு எழுதியதா என்று மையின் நிறமும் கையெழுத்தும் சொல்லிவிடும்.

வசூலுக்கு ஒருமுறையாவது ஆபீசரோடு போய்ப் பாருங்கள். தவணை கெடு தாண்டிய கணக்குகளுக்கு எஸ்எம்ஏ என்று எச்சரிக்கை வகைகள் உண்டு: 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2, 90 தாண்டினால் வாராக் கடன் என்பது பாடம். கிளையில் அது ஒரு பட்டியலாகத் தினமும் காலையில் வரும். 80-ஆவது நாளில் இருக்கும் கணக்குகளுக்குத்தான் முதலில் போன் போகும். ஒரு கணக்கு வாராக் கடன் ஆனால் அதன் வட்டியை வருமானமாகக் காட்ட முடியாது, இலாபத்திலிருந்து ஒதுக்கீடும் வைக்க வேண்டும். அந்தத் துரத்தலுக்குக் காரணம் அதுதான். தனியாகப் போகாதீர்கள், பணமும் வாங்காதீர்கள்.

வருடத்தில் எந்த மாதம் எதைப் பார்க்கலாம் என்று தெரிந்து வைத்தால் திட்டமிடலாம். ஏப்ரலில் வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று படிவம் கொடுக்க மூத்தவர்கள் வருவார்கள். சட்ட ஆடிட்டும் அப்போதுதான். ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக நகைகள் உள்ளே வரும். நவம்பரில் ஓய்வூதியர்களின் உயிர்ச் சான்று. விரல் ரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்கு முக அடையாளம் வழியாகச் செய்து கொடுக்கலாம், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். மார்ச்சில் கிளை முழுக்க வசூலிலும் கணக்கு முடிப்பிலும் இருக்கும். யாருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர நேரம் இருக்காது, ஆனால் பார்க்க வேண்டியது அதிகம் இருக்கும் மாதம் அதுதான். அந்த மாதத்தில் விடுப்பு எடுக்காதீர்கள். ஆடிட்டர் வரும்போது வவுச்சர் எடுத்துக் கொடுக்கும் வேலையை விரும்பிக் கேளுங்கள். அவர் கேட்கும் கேள்விகளும் ஆபீசர் சொல்லும் பதில்களும் எந்த கோச்சிங் சென்டரிலும் கிடைக்காது.

தேர்வுத் தயாரிப்பு இதில் இடிபடும், மறைக்க ஒன்றுமில்லை. காலை 9.45-க்குப் போனால் மாலை ஆறு ஆகும். தினமும் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். அதைக் கணிதத்துக்கும் ரீசனிங்குக்கும் கொடுங்கள். வங்கித் துறை பொது அறிவைக் கிளையிலேயே தேற்றிக்கொள்ளலாம், தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகள் தினமும் வருகின்றன. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. மாதிரித் தேர்வுகளை அந்த நாட்களுக்கு வையுங்கள். முழு நேரம் படித்தால் ஆறு மாதத்தில் கிளார்க் தேர்வில் தேறிவிடும் நிலையில் ஏற்கெனவே இருப்பவர், வீட்டுச் சூழலும் இடம் கொடுத்தால், இந்தப் பயிற்சியை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. மற்றவர்களுக்கு, குறிப்பாகத் தனியார் வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம், ஆடிட்டர் அலுவலகம் என்று போக நினைப்பவர்களுக்கு, இது நல்ல வருடம்.

பயோடேட்டாவில் 'வாடிக்கையாளர் சேவை செய்தேன்' என்று எழுதாதீர்கள். என்னென்ன வகை ஃபைல்களுக்கு ஆவணப் பட்டியல் சரிபார்த்தீர்கள், எந்த ஆடிட்டுக்கு உதவினீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் "ஒரு நகைக் கடன் எப்படிப் போகும் சொல்லுங்க" என்று கேட்டால் ஐந்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேச முடிய வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை, படிகள், எந்தப் படியில் என்ன தவறும், ஏன். வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண் எதுவும் அதில் வரக் கூடாது.

பதினோராவது மாதமே வருகைப் பதிவு போர்ட்டலில் எல்லா மாதத்துக்கும் ஏறியிருக்கிறதா, அரசுப் பங்கு எந்த மாதத்துக்கு நிலுவை என்று பட்டியல் போட்டுக் கிளையில் கொடுங்கள். கிளையில் நகராவிட்டால் மண்டல அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு, அதற்கும் மேல் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம். ஒப்பந்தம் முடிந்து மாதங்கள் கழித்துக் கேட்டால், அப்போது இருந்த மேனேஜர் மாற்றலாகிப் போயிருப்பார், புதியவருக்கு உங்கள் முகமே தெரியாது. வாரியச் சான்றிதழ் போர்ட்டல் வழியாக வரும். கிளை மேனேஜரிடம் தனியாக ஒரு அனுபவக் கடிதமும் கேளுங்கள், எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லி. வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் அன்றே கையெழுத்தாகும்.